ஆயுள் காப்பீட்டுத் தொகையின் உரியவர்: சென்னை முழு அமர்வுத் தீர்ப்பு (1913) முதல் காப்பீட்டுச் சட்டத் திருத்தம் (2015) வரை

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் இறந்தபின் அவருடைய உயிரின் பேரில் வரும் தொகை யாரைச் சேரும் என்ற கேள்வி, இந்தியாவில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக நீதிமன்றங்களின் முன் நிற்கிறது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், அதன் 6ஆம் பிரிவு இந்துக்களுக்கும் பொருந்தும் என்ற சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வின் 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 1923இல் இயற்றப்பட்ட இரு சட்டங்கள், 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், உச்ச நீதிமன்றத்தின் சர்பதி தேவி தீர்ப்பு, 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. பொறுப்பாட்சி, சார்ந்திருத்தல், நியமனம் என்னும் மூன்று சட்டக் கருவிகளும் குடும்பத்தை மூன்று வேறு விதங்களில் உருவகித்தன என்பதும், கைம்பெண்ணின் நிலை எந்தக் கருவி கையாளப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஆயுள் காப்பீடு, நியமனதாரர், பொறுப்பாட்சி, மிதாட்சரக் கூட்டுக் குடும்பம், இந்து வாரிசுரிமை, தொழிலாளர் இழப்பீடு.

முன்னுரை

நிலமும் வீடும் நகையும் முன்னோரிடமிருந்து வருவன. அவற்றுக்கான வாரிசுரிமை விதிகளை ஸ்மிருதி உரைகளும் வழக்காறும் வகுத்திருந்தன. ஆயுள் காப்பீட்டுத் தொகை அத்தகையதன்று. உரியவர் உயிரோடிருக்கும் வரை அது கைக்கு வராத பணம்; அவர் இறந்த கணத்தில் உருவாகும் பணம். மாதச் சம்பளத்திலிருந்து தவணை கட்டும் அலுவலர், வழக்கறிஞர், ஆசிரியர் வகுப்பினரிடையே இப்புதுச் சொத்து பரவியபோது, பழைய வாரிசுரிமை விதிகளுக்கும் புதிய ஒப்பந்தச் சட்டத்துக்கும் இடையே ஓர் இடைவெளி தோன்றியது. அந்த இடைவெளியை நிரப்ப எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். காப்பீட்டு நிறுவனம், வேலையளிப்பவர், மருத்துவர், குடும்பம் என்னும் நான்கு தரப்பினரும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர்.

கூட்டுக் குடும்பமும் தனி ஈட்டமும்

இந்தியர்களின் உயிரைக் காப்பீடு செய்யும் இந்திய நிறுவனங்கள் 1870களில் பம்பாயில் தோன்றின. ஓரியண்டல் கவர்ன்மென்ட் செக்யூரிட்டி நிறுவனம் 1874இல் தொடங்கப்பட்டது. சுதேசி இயக்கத்தின் எழுச்சியில் 1906இல் சென்னையில் யுனைடெட் இந்தியா நிறுவனம் உருவாயிற்று. இக்காலத்தில் காப்பீட்டு ஒப்பந்தம் எழுதியவருள் கணிசமானோர் மிதாட்சரக் கூட்டுக் குடும்பத்தினர். அம்முறையில், குடும்பச் சொத்தில் ஆணுக்குப் பிறப்பாலேயே பங்குரிமை உண்டு. அவர் இறந்தால் அப்பங்கு எஞ்சியிருக்கும் ஆண் பங்காளிகளைச் சேரும். மனைவிக்கு வாழ்வூதிய உரிமை மட்டுமே எஞ்சும். தனிச் சொத்தாயினும், மகன் இருக்கும்போது மனைவி வாரிசாகாள். 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வரும் வரை இந்நிலையே நீடித்தது.

இங்கு முதற்கேள்வி, ஒருவரின் சம்பளம் அவருடைய தனிச் சொத்தா, குடும்பச் சொத்தா என்பது. குடும்பச் செலவில் பெற்ற கல்வியால் ஈட்டிய வருவாய் குடும்பத்துக்கே உரியது என்ற வாதம் நீதிமன்றங்களில் வலுவாக இருந்தது. இதனை மாற்ற 1890களில் சென்னைச் சட்டமன்றத்தில் வெ. பாஷ்யம் அய்யங்கார் கொண்டுவந்த கல்வி ஈட்ட மசோதா, ஆளுநரின் இசைவைப் பெறவில்லை. எம். ஆர். ஜெயகரின் முயற்சியால் 1930இல்தான் இந்து கல்வி ஈட்டச் சட்டம் நிறைவேறியது. ஆகவே 1930க்கு முன்னர், தன் சம்பளத்திலிருந்து தவணை கட்டிய ஓர் இந்து அலுவலர், அத்தொகை தன் மனைவியைச் சேரும் என்று உறுதிகொள்ள இயலாத நிலையில் இருந்தார். அண்ணன் தம்பியரும் அதில் பங்கு கோரலாம். கடன் கொடுத்தோரும் கோரலாம்.

ஒப்பந்தச் சட்டமும் இவ்விடத்தில் உதவவில்லை. ஒப்பந்தத்தில் தரப்பினர் அல்லாதவர் அதன்பேரில் வழக்குத் தொடுக்க முடியாது என்பது ட்வெடில் எதிர் அட்கின்சன் (1861) வழக்கில் ஆங்கில நீதிமன்றம் உறுதிசெய்த விதி. காப்பீட்டுப் பத்திரத்தில் மனைவியின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும், ஒப்பந்தம் கணவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஆனது. பெயர் மட்டும் உரிமையைத் தரவில்லை.

1874ஆம் ஆண்டுச் சட்டமும் சென்னை முழு அமர்வும்

இங்கிலாந்தில் இதற்குக் கண்ட வழி பொறுப்பாட்சி (டிரஸ்ட்). 1870ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தொடர்ந்து இந்தியாவில் 1874ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாக மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 6ஆம் பிரிவின்படி, மணமான ஆண் ஒருவர் தம் உயிரின் பேரில் எடுத்த பத்திரத்தின் முகப்பிலேயே அது மனைவி அல்லது பிள்ளைகளின் நலனுக்கானது என்று குறிக்கப்பட்டிருப்பின், அது அவர்களுக்கான பொறுப்பாட்சியாகக் கருதப்படும். அத்தொகை கணவரின் கட்டுப்பாட்டுக்கோ, அவருடைய கடன்களுக்கோ, அவருடைய மரபுச் சொத்தின் கணக்கிற்கோ உட்படாது. கடன் கொடுத்தோரை ஏமாற்றும் நோக்கத்துடன் எடுக்கப்பட்ட பத்திரம் மட்டுமே இதற்கு விலக்கு.

ஆனால், அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, திருமணத்தின்போது இந்து, முகமதிய, பௌத்த, சீக்கிய, சமண சமயங்களைச் சார்ந்திருந்த பெண்களுக்கு இச்சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்று கூறியது. கிறித்தவ, ஐரோப்பியக் குடும்பங்களைக் கருதி எழுதப்பட்ட சட்டம் என்பதே பொதுவான புரிதல். நாட்டின் பெரும்பான்மைக் குடும்பங்கள் இப்பாதுகாப்பிற்கு வெளியே நின்றன.

பாலம்பா எதிர் கிருஷ்ணய்யா வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1913இல் இப்புரிதலை மாற்றியது. 6ஆம் பிரிவு இந்து ஆண் எடுக்கும் பத்திரத்துக்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம். இதன் அடிப்படை சொற்பொருள் சார்ந்தது: விலக்குப் பிரிவு பேசுவது மணமான பெண்ணைப் பற்றி, 6ஆம் பிரிவு பேசுவது மணமான ஆண் எடுக்கும் பத்திரத்தைப் பற்றி. கூட்டுக் குடும்பத்துக்குள் கணவன், மனைவி, பிள்ளைகள் என்னும் சிறு வட்டத்தைச் சட்டம் தனியே அடையாளம் காண இதன்வழி வாயில் திறந்தது. பிற உயர்நீதிமன்றங்கள் இக்கருத்தை ஒருமித்து ஏற்கவில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே வாசகமுடைய பத்திரம், சென்னையில் ஒரு பொருளும் பிற மாகாணங்களில் வேறு பொருளும் தரும் நிலை உருவாயிற்று. நாடெங்கும் வணிகம் செய்த காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது நடைமுறைச் சிக்கல். யாரிடம் பணம் கொடுத்தால் தம் கடப்பாடு தீரும் என்பதே அவற்றின் கவலை.

இம்முரண்பாட்டை 1923ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் தீர்த்தது. 6ஆம் பிரிவில் புதிதாகச் சேர்க்கப்பட்ட உட்பிரிவு, இந்து, முகமதிய, சீக்கிய, சமண ஆண்கள் எடுக்கும் பத்திரங்களுக்கும் இப்பாதுகாப்பை விரித்தது. அதில் கவனத்துக்குரியது இரு நாள்கள்: சென்னையில் 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுக்கப்பட்ட பத்திரங்களுக்கும், இந்தியாவின் பிற பகுதிகளில் 1923 ஏப்ரல் 1க்குப் பின் எடுக்கப்பட்டவற்றுக்கும் இது பொருந்தும். சென்னைக்கு மட்டும் ஏறத்தாழ பத்தாண்டு முன்னதான நாள் தரப்பட்டதை முழு அமர்வுத் தீர்ப்புடன் பொருத்தியே விளக்க முடியும். அத்தீர்ப்பை நம்பிச் சென்னை மாகாணத்தில் எழுதப்பட்ட பத்திரங்களைச் சட்டமன்றம் குலைக்க விரும்பவில்லை. ஒரு மாகாண நீதிமன்றத்தின் பொருள்கோள் இவ்வாறு அனைத்திந்தியச் சட்டத்தின் வாசகத்திலேயே நாள்குறிப்பாகப் பதிந்து இன்றும் நிற்கிறது.

இப்பிரிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. ஆங்கிலச் சட்டம் 1882லேயே, மனைவி தன் உயிரின் பேரில் கணவர் அல்லது பிள்ளைகளுக்காக எடுக்கும் பத்திரத்துக்கும் பொறுப்பாட்சியை விரித்தது. இந்தியச் சட்டத்தின் 6ஆம் பிரிவு மணமான ஆண் எடுக்கும் பத்திரத்தோடு நின்றுவிட்டது. ஈட்டுபவர் ஆண், காக்கப்படுபவர் பெண் என்ற 19ஆம் நூற்றாண்டின் உருவகம் அப்படியே தங்கிவிட்டது.

வேலையளிப்பவரும் சார்ந்தோரும்

அதே 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் (8ஆம் சட்டம்) இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. பணியின்போது விபத்தில் இறந்த தொழிலாளியின் உயிருக்கு வேலையளிப்பவர் தரும் தொகை பற்றியது இச்சட்டம். இதுவும் மரணத்தால் உருவாகும் பணமே. ஆனால் சட்டம் இங்கு வேறொரு வழியைத் தேர்ந்தது.

முதலாவதாக, இறப்பிற்கான தொகையை ஆணையரிடம் செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. துயரில் இருக்கும் குடும்பத்திடம் சிறு தொகையைக் கொடுத்துக் கணக்கு முடிக்கும் வழக்கத்துக்கு இது தடையாயிற்று. இரண்டாவதாக, அத்தொகை வாரிசுகளுக்கு உரியதன்று; சார்ந்தோருக்கு உரியது. கைம்பெண், வயது நிரம்பாத மகன், மணமாகாத மகள், கைம்பெண்ணான தாய் ஆகியோர் அப்பட்டியலில் இடம்பெற்றனர். மூன்றாவதாக, அவர்களுள் யாருக்கு எவ்வளவு என்பதை ஆணையர் தம் முடிவுப்படி வகுக்கலாம். எழுதிவைத்த பெயரோ, பிறப்பால் வந்த பங்குரிமையோ இங்கு அளவுகோல் அன்று. அவருடைய உழைப்பை நம்பி வாழ்ந்தவர் யார் என்பதே அளவுகோல். மேலும், இத்தொகையைக் கடனுக்காகப் பற்றுகை செய்யவோ பிறருக்கு மாற்றவோ இயலாது.

இவ்விரு சட்டங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால் வகுப்பு வேறுபாடு தெளிவாகிறது. தவணை கட்டும் வசதியுடைய நடுத்தர வகுப்பினருக்குப் பொறுப்பாட்சி. கூலித் தொழிலாளர்க்கு ஆணையரின் பகிர்வு. முன்னதில் விருப்பத்தை வெளியிடுவது குடும்பத் தலைவர். பின்னதில் தேவையை மதிப்பிடுவது அரசு. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்தின் பெயரைப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என மாற்றியபோதும், சார்ந்தோர் என்னும் கருத்து மாறவில்லை.

1938ஆம் ஆண்டுச் சட்டம்: நியமனமும் மருத்துவ அறிக்கையும்

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் இரு பிரிவுகளால் இவ்வரலாற்றைத் திசைதிருப்பியது. 39ஆம் பிரிவு நியமன முறையைச் சட்டமாக்கியது. பத்திரம் உடையவர், தாம் இறந்தால் தொகையைப் பெறுவதற்கு ஒருவரை நியமிக்கலாம். எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம். நிறுவனம் நியமனதாரரிடம் தொகையைக் கொடுத்துவிட்டால் அதன் கடப்பாடு தீர்ந்தது. வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 6ஆம் பிரிவின்கீழ் அமைந்த பத்திரங்களுக்கு இப்பிரிவு பொருந்தாது என்றும் கூறப்பட்டது. அதாவது, பொறுப்பாட்சியும் நியமனமும் வேறு வேறு என்பதைச் சட்டமே அறிந்திருந்தது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர் அவ்வேறுபாட்டை அறிந்திருந்தாரா என்பதே பின்னாளைய வழக்குகளின் வேர்.

45ஆம் பிரிவு மருத்துவரை இவ்வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. பத்திரம் நடைமுறைக்கு வந்து இரண்டாண்டுகள் கழிந்தபின், விண்ணப்பத்திலோ மருத்துவ அலுவலரின் அறிக்கையிலோ உள்ள கூற்று தவறானது என்ற காரணத்தை மட்டும் காட்டி நிறுவனம் பத்திரத்தை மறுக்க முடியாது. அக்கூற்று முக்கியமான பொருள் பற்றியது, மோசடி நோக்குடன் கூறப்பட்டது, பொய்யென அறிந்தே கூறப்பட்டது ஆகிய மூன்றையும் நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். மித்தூலால் நாயக் எதிர் ஆயுள் காப்பீட்டுக் கழகம் (1962) வழக்கில் உச்ச நீதிமன்றம் இம்மூன்று கூறுகளையும் வரையறுத்தது. 25,000 ரூபாய்க்கான அப்பத்திரத்தில், விண்ணப்பத்துக்கு முன் மருத்துவர் ஒருவரிடம் பெற்ற சிகிச்சை திட்டமிட்டு மறைக்கப்பட்டது எனக் கண்ட நீதிமன்றம், தொகை கோரியவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

இதில் குடும்பத்தைப் பாதிக்கும் கூறு ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் கூற்றைக் கூறியவர் இறந்துவிட்டார். அதன் விளைவைச் சுமப்பவர், கூற்றில் பங்கற்ற மனைவியும் பிள்ளைகளும். மருத்துவரின் நோயாளிப் பதிவேடும் சாட்சியமும் அவர்களின் வாழ்வாதாரத்தைத் தீர்மானிக்கும் சான்றுகளாயின. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இக்காலவரம்பை மூன்றாண்டுகளாக நீட்டியது. அதே வேளையில், அதன்பின் எக்காரணம் கொண்டும் பத்திரத்தை மறுக்கலாகாது என்று விதித்தது. மோசடி என்ற காரணத்துக்கும் இப்போது அக்காலவரம்பே எல்லை.

1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆயிற்று. 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள் என 245 அமைப்புகளின் வணிகம் ஒரே கழகத்தின்கீழ் வந்தது. நியமனப் படிவம் இதன்பின் நாடெங்கும் ஒரே வடிவில் சென்றது. அதே ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்த ஆணின் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் ஆகியோரை முதல் வகுப்பு வாரிசுகளாக்கியது. தந்தை இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்டார். படிவத்தில் எழுதிய பெயரும் வாரிசுரிமைச் சட்டத்தின் பட்டியலும் மோதும் களம் இவ்வாறு அமைந்தது.

சர்பதி தேவி தீர்ப்பு

சர்பதி தேவி எதிர் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இறந்தவருக்குத் தலா 10,000 ரூபாய் மதிப்பில் இரு பத்திரங்கள். இரண்டிலும் மனைவியே நியமனதாரர். தாயும் வயது நிரம்பாத மகனும் மூன்றில் இரு பங்கு கோரினர். நியமனம் என்பது தொகையைப் பெறும் அதிகாரத்தை மட்டுமே தருகிறது, உரிமையைத் தருவதில்லை. பெறப்பட்ட தொகை வாரிசுரிமைச் சட்டப்படியே பகிரப்படும் என்று நீதிபதி இ. எஸ். வெங்கடராமய்யா எழுதிய தீர்ப்பு கூறியது. மூவருக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. 39ஆம் பிரிவு மூன்றாவதொரு வாரிசுரிமை முறையை உருவாக்கவில்லை என்பதே தீர்ப்பின் மையக் கருத்து.

இவ்விதி பின்னர் பிற தொகைகளுக்கும் விரிந்தது. ஷிப்ரா சென்குப்தா எதிர் மிருதுல் சென்குப்தா (2009) வழக்கில், திருமணத்துக்கு முன் தாயை நியமனதாரராக எழுதிய பணியாளர் அதை மாற்றாமலே இறந்திருந்தார். வருங்கால வைப்புநிதி உள்ளிட்ட தொகைகளில் மனைவிக்கும் பங்குண்டு என உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே விதி, ஒரு வழக்கில் மனைவியின் பங்கைக் குறைத்தது. மற்றொன்றில் மனைவிக்குப் பங்கைத் தந்தது. ஆகவே சர்பதி தேவி விதியைக் கைம்பெண்களுக்கு எதிரானது என்றோ ஆதரவானது என்றோ வகைப்படுத்துவது பொருந்தாது. படிவத்தில் யார் பெயர் இருந்தது என்பதே விளைவைத் தீர்மானித்தது. நியமனம் செல்லாவிடத்து வாரிசுரிமைச் சட்டம் குடும்பத்தின் இன்றைய நிலையைக் காண்கிறது. நியமனப் படிவமோ கையொப்பமிட்ட நாளின் நிலையில் உறைந்து நிற்கிறது.

2015ஆம் ஆண்டுத் திருத்தமும் அதன் பின்னும்

இந்தியச் சட்ட ஆணையத்தின் 190ஆம் அறிக்கை (2004), உரிமையுடன் பெறும் நியமனதாரர், வசூலிக்க மட்டும் உரிய நியமனதாரர் என இரு வகைகளைப் பிரிக்கப் பரிந்துரைத்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இதனை ஒருவகையில் ஏற்றது. திருத்தப்பட்ட 39(7)ஆம் பிரிவின்படி, பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோர் நியமிக்கப்பட்டால் அவர்கள் தொகைக்குப் பயனுரிமை உடையவராவர்.

முதல் நோக்கில் இது 1913இன் சென்னைத் தீர்ப்புக்குத் திரும்புவதாகத் தோன்றும். ஆயினும் இரு வேறுபாடுகள் உள்ளன. 6ஆம் பிரிவுப் பொறுப்பாட்சி மனைவி, பிள்ளைகளை மட்டும் கருதியது. புதிய பிரிவு பெற்றோரையும் சேர்த்தது. எனவே, மணமாகும் முன் தந்தையை நியமித்து, மணமானபின் மாற்ற மறந்தவரின் தொகை, சட்டத்தின் வாசகப்படி, முதல் வகுப்பு வாரிசல்லாத தந்தைக்கே முழுமையாகச் செல்லக்கூடும். மனைவிக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் எஞ்சாது. இரண்டாவது வேறுபாடு கடன் பற்றியது. 6ஆம் பிரிவு, ஏமாற்றும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் அன்றிக் கடன் கொடுத்தோரை விலக்கியது. புதிய 39ஆம் பிரிவோ, பயனுரிமை விதிகள் கடன் கொடுத்தோரின் உரிமையைக் குலைக்கமாட்டா என்று வெளிப்படையாகக் கூறுகிறது. கடன்சுமையுள்ள சிறுவணிகர் குடும்பத்துக்கு 1874ஆம் ஆண்டுப் பிரிவே இன்றும் வலுவான அரண்.

நீதிமன்றங்களின் பொருள்கோளும் முடிந்த ஒன்றன்று. நிறுமப் பங்குகள் குறித்த சக்தி யெஸ்தானி வழக்கில் (2023), நியமனம் வாரிசுரிமையை மீறாது என உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. தாயை நியமித்தபின் மணம் செய்து, நியமனத்தை மாற்றாது இறந்தவரின் காப்பீட்டுத் தொகை குறித்து, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு 2025இல், வாரிசுகள் பங்கு கோரும்போது 39(7)ஆம் பிரிவு அவர்களின் உரிமையைத் தடுக்காது எனக் கூறி, தாய், மனைவி, மகன் மூவருக்கும் பங்களித்தது. திருத்தத்தின் வாசகத்தைச் சுருக்கிப் படிக்கும் இப்பொருள்கோள், 1913இல் சென்னை அமர்வு ஒரு வாசகத்தை விரித்துப் படித்ததன் மறுபக்கம் எனலாம். இரண்டிலும் நீதிமன்றம் மனைவியையும் பிள்ளையையும் காக்கவே வாசகத்தோடு போராடுகிறது.

முடிவுரை

மரணத்தால் உருவாகும் பணத்துக்கு இந்தியச் சட்டம் மூன்று வழிகளைக் கையாண்டது. பொறுப்பாட்சி, ஈட்டுபவர் தன் இணையருக்கும் பிள்ளைகளுக்கும் விலக்கிவைக்கும் கொடை. சார்ந்திருத்தல், தேவையின் அடிப்படையில் அரசு செய்யும் பகிர்வு. நியமனம், நிறுவனத்தின் கடப்பாட்டைத் தீர்க்க எழுந்த நிருவாக ஏற்பாடு. முதல் இரண்டும் குடும்பத்தைக் கருதிப் பிறந்தன; மூன்றாவது காப்பீட்டாளரைக் கருதிப் பிறந்து, 2015இல் குடும்பத்தின் சொத்துரிமைச் சுமையையும் ஏற்றது. அதன் இன்றைய குழப்பங்களின் தோற்றுவாய் இதுவே.

சென்னை மாகாணத்தின் பங்களிப்பு இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த சட்டங்களாக 1937, 1956, 1989, 2005 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே பேசப்படுகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னர், கூட்டுக் குடும்பத்தின் பங்காளிகளும் கடன்காரரும் தொட முடியாத ஒரு தொகையைக் கைம்பெண்ணின் கையில் சேர்த்தது, காப்பீட்டுப் பத்திரத்தின் முகப்பில் எழுதப்பட்ட ஒரு வரி. அவ்வரிக்கு உயிர் தந்தது 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பெண்களின் சொத்துரிமை வரலாற்றை நிலத்தோடு மட்டும் நிறுத்தாமல், தவணை, வைப்புநிதி, இழப்பீடு ஆகிய பணவடிவங்களின் ஊடாகவும் எழுத வேண்டிய தேவையை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.